பெருவிரல் நுழையாத வலை

எண்பதுகளில் எங்கள் ஊர்க் கண்மாயில் கெண்டை வரவரச் சிறுத்து, சுண்டுவிரல் அளவுக்கு வந்து நின்றது. காரணம் ஊருக்கே தெரியும். எங்கள் பக்கத்துத் தறிகளில் காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி நெய்வார்கள். சல்லடை மாதிரி இருக்கும் அதன் வெட்டுத்துணியை வாங்கி, இரண்டு பெண்கள் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக் கரையோரம் அரித்தால் அயிரைப் பொடிமீனை அள்ளலாம். கூடவே கெண்டைக்குஞ்சும் சட்டிக்குப் போய்விடும். அயிரைக் குழம்பு கொதிக்கும்போது யாருக்குப் புத்தி வரும்?

என் வீட்டுக்காரருக்கு வந்தது. ராஜபாளையத்து மில்லில் வேலை, ஊர் மீன்பிடிச் சங்கத்துக்குத் தலைவர். கடலிலேயே வலைக்கண்ணுக்கு அளவு வைக்கப்போகிறார்கள் என்று ஜீப்பில் வந்த மீன்துறை அதிகாரி சொல்லிவிட்டுப் போனாலும் போனார், இவருக்குச் சாமி வந்துவிட்டது. பெருவிரல் நுழையாத வலை கண்மாயில் இறங்கக் கூடாது என்று சட்டம் போட்டார். இத்தனைக்கும் அயிரை என்றால் உயிரை விடுகிற மனுஷன்!

பெண்கள் விடுவார்களா? எதிர்வீட்டுக்காரி, இவருக்கு மதினி முறை, ஒருநாள் உயிரோடு துள்ளும் அயிரையைச் சட்டியோடு கொண்டுவந்து வைத்தாள்.

"மகாராஜபுரத்துல இருந்து எம்மக குடுத்துவிட்டா. நம்ம கண்மாய் மீனு இல்லட்டி. கொழம்பு வச்சுக் குடு."

அவள் கணக்கு எனக்குப் புரிந்தது. இவர் ஒரு வாய் தின்றால் போதும், மறுநாளே தெருவிலுள்ள துணியெல்லாம் கண்மாயில் இறங்கிவிடும். எனக்கும் வேடிக்கை பார்க்க ஆசை. உப்புப் போட்டு உரசிக் கழுவி, புளி தூக்கலாகக் குழம்பு வைத்தேன்.

இவர் ஷிப்ட் முடிந்து வந்தபோது வாசலில் நாலைந்து பெண்கள். ஒருத்திக்குக் கறிவேப்பிலை வேண்டுமாம், ஒருத்திக்கு மணி என்ன என்று தெரிய வேண்டுமாம். இவர் சட்டியைத் திறந்து செத்த நேரம் குனிந்தே நின்றார். கண் கலங்கிவிட்டது, பாவம். பிறகு மூடினார்.

"மோர் ஊத்து" என்றார் என்னிடம்.

"ஏன் கொழுந்தனாரே, இது வெளியூர் மீனுல்லா?" என்றாள் மதினி.

"அது எனக்குத் தெரியும் மதினி. தெருவுல போற மணத்துக்குத் தெரியுமா?"

குழம்பை மதினியே தூக்கிக்கொண்டு போனாள். எனக்கு ஒரு சொட்டு மிச்சமில்லை, வயிறு எரிந்தது. ஆனால் அதற்குப் பிறகு துணி எதுவும் கண்மாய்ப் பக்கம் போகவில்லை.

இரண்டு மழை கழிந்து வலை இறங்கியபோது கெண்டை முழங்கை நீளம்! ஊரே இவரைக் கொண்டாடியது. அன்று சாயங்காலம் என் காதோடு கேட்டார்: "ஏட்டி, உங்க அண்ணன் வீட்டுக்குப் போயி ரொம்ப நாளாச்சுல்லா?"

அண்ணன் ஊரான புதுப்பட்டி என்றாலே கால்வலி வருகிறவர் இவர். அங்கே எந்தச் சட்டமும் கிடையாது என்பது எனக்குத் தெரியாதா? போனோம். அண்ணி அயிரைக் குழம்பு வைத்தாள். வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, தட்டு தட்டாகத் தின்றார். பார்க்கவே சந்தோஷமாக இருந்தது. கையைக்கூடக் கழுவவில்லை, அதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

"மச்சான், இம்புட்டுப் பொடிமீனை அரிச்சா உங்க கண்மாய் என்னத்துக்கு ஆகும்? பெருவிரலைக் காட்டுங்க..."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். அண்ணன் சிரிக்காமல் தன் பெருவிரலையே பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். அடுத்த தடவை நாங்கள் போனபோது அண்ணி கத்தரிக்காய்க் குழம்பு வைத்திருந்தாள்.