ஸ்டெஃபா கார் என்ஜினைத் திறந்த அறுவடை

என் சித்திக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் நெட்டி, இளையவள் ஸ்டெஃபா. அந்த வீட்டில் யாருக்கும் இயந்திரம் கைவராது. சித்தப்பா ஒரு முறை டிரெய்லருக்குச் சக்கரம் மாட்டினார். அது வழியில் கழன்று, அவருக்கு முன்னால் உருண்டு சர்ச்சுக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் பெற்ற பெண் செய்த காரியம் என்பதால்தான் எனக்கு இன்னும் வியப்பு அடங்கவில்லை.

நெட்டிக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டது. வாரத்தில் மூன்று முறை நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். ஸ்டெஃபாதான் ஓட்டிப்போவாள். ஒரு செப்டம்பரில் திரும்பி வரும் வழியில் காருக்குள் புகை நாறியது. பானெட்டைத் தூக்கினால், என்ஜின் பக்கவாட்டில் எண்ணெய் வழிந்து, சூடான புகைக்குழாயில் சொட்டிப் பொசுங்கிக்கொண்டிருந்தது.

"இனிமே இதுல ஏற மாட்டேன். எரிஞ்சு சாவுறதுக்கு வீட்லயே சாவுறேன்" என்றாள் நெட்டி. அடுத்த முறைக்கு நடுவில் ஒரு நாள்தான் இருந்தது.

மழை வரும் போலிருந்தது. ஊரில் மெக்கானிக் உட்பட எல்லாரும் கோதுமை வயலில். எங்கள் டிரக்கும் தானியம் ஏற்றப் போயிருந்தது. ஸ்டெஃபாவின் புருஷன் பெட்ரோ வடக்கே சுரங்கத்தில். மறுநாள் காலை நான் வயலுக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது ஸ்டெஃபாவும் கூட வந்தாள். என் வீட்டுக்காரர் தாராஸ் அறுவடை இயந்திரத்தை விட்டு இறங்கவே இல்லை.

"அத்தான், கார்ல எண்ணெய் ஒழுகுது."

"ஒழுகுதுன்னா உள்ள இருக்குன்னு அர்த்தம். சந்தோஷப்படு மச்சினி."

"விளையாடாதீங்க. நெட்டி ஏற மாட்டேங்கிறா."

"மேல் மூடியில போல்ட் தளர்ந்திருக்கும். நல்லா முறுக்கு. உங்கப்பன் மாதிரி முறுக்காத."

எங்கள் பக்கம் முறுக்குவதென்றால் ஸ்பேனர்மேல் ஏறி நிற்பதுதான். இவளும் உடம்புப் பாரம் முழுக்கப் போட்டு முறுக்கினாள். சொட்டிய எண்ணெய் இப்போது ஓடியது.

அழுவாள் என்று நினைத்தேன். காபி குடித்தாள். பிறகு என்ஜினைத் துணியால் சுத்தமாகத் துடைத்து, குழந்தைப் பவுடரைத் தூவி, ஓடவிட்டாள். டிராக்டருக்குப் பெட்ரோ அப்படிச் செய்ததைப் பார்த்திருக்கிறாளாம். மூடியின் விளிம்போரம் பவுடர் கறுத்தது. அங்கே, எண்ணெய் கசியாமல் இருக்க மூடிக்கு அடியில் வைக்கும் கேஸ்கெட் என்ற ரப்பர் பட்டை நசுங்கிப் பிதுங்கியிருந்தது.

கூட்டுறவுக் கடையில் புது கேஸ்கெட் வாங்கி வந்து, என்ஜின் ஆறியதும் போல்ட்டுகளைக் கழற்றி மூடியைத் தூக்கினாள். நான் இத்தனை வருஷம் காரில் போயிருக்கிறேன், உள்ளே என்ன இருக்கிறதென்று பார்த்ததில்லை. வரிசையாக ஸ்பிரிங்குகள், அவற்றின்மேல் சின்னச் சின்ன இரும்புக் கைகள், எல்லாவற்றின்மேலும் தேன் நிறத்தில் எண்ணெய். எங்கள் தேவாலயத்துப் பீடத்தின் முன் நிற்பதுபோல் இருந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

"இதெல்லாம் ஆடிக்கிட்டா நாம போறோம்?"

"ஆமாக்கா. நாம பின்னாடி உக்காந்து வம்பு பேசிக்கிட்டுப் போறோம்."

மூடி தகரம்தான். அவள் முறுக்கிய முறுக்கில் போல்ட் ஓட்டைகளைச் சுற்றி வளைந்துவிட்டது. மரக்கட்டையில் வைத்துத் தட்டி நேராக்கினாள். புது கேஸ்கெட்டை வைத்து மூடிவிட்டு, ஸ்பேனரைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

"அக்கா, ஊறுகாய் ஜாடியில மூடிக்கு மேல வளையத்தை எப்படித் திருகுவோம்?"

"விரல் நுனியால. மிஞ்சித் திருகினா மூடி கோணிக்கும்."

"அதேதான்."

எல்லா போல்ட்டையும் முதலில் விரலாலேயே திருகினாள். பிறகு குட்டி ஸ்பேனரை இரண்டு விரலில் பிடித்து, நடுவில் கொஞ்சம், இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம். மறுபடி துடைத்து, பவுடர் தூவி, தானியக் கிடங்கு வரை ஓட்டிப்போய்த் திரும்பினாள். பவுடர் வெள்ளையாகவே இருந்தது. நான் சிலுவை போட்டுக்கொண்டேன்.

சாயங்காலம் வந்த தாராஸ் குனிந்து பார்த்தார். "நல்லா முறுக்கினியா?"

"முறுக்காம விட்டேன் அத்தான்."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

மறுநாள் காலை நெட்டி ஏறும் முன் பானெட் அருகே மூக்கை நீட்டி மோந்து பார்த்தாள்.

"புகை வந்துச்சுன்னா நடுவழியில இறங்கிடுவேன்."

"இறங்கிக்கோ. உன் பையையும் தூக்கிக்கிட்டு நட."

சரளைச் சாலையில் தூசி கிளப்பிக்கொண்டு போனார்கள். அவர்கள் திரும்பி வரும்வரை எனக்கு அடுப்பில் கவனம் இல்லை. பிற்பகல் கார் வாசலில் வந்து நின்றதும் ஓடினேன். ஸ்டெஃபா உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள். முன் சீட்டில் நெட்டி வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள்.