ஒன்று புள்ளி ஒன்று

மாப்பிள்ளையூரணியில் அய்யாக்குட்டி அண்ணாச்சி வீட்டைக் கண்டுபிடிக்க விலாசமே வேண்டாம். மொட்டை மாடியில் நாற்பதடி ஜி.ஐ. பைப் நிற்கும். அதன் உச்சியில் செம்புக் குழாயில் செய்த ஆன்டெனா. பைப் அவர் கடைச் சரக்கு. செம்புக் குழாய் ஏ.சி. மெக்கானிக் ஒருவரிடம் நச்சரித்து வாங்கியது. கிளாம்புகளை அவரே வளைத்துக்கொண்டார். டபிள்யூ.ஜி.சி. ரோட்டில் பைப்பும் மோட்டாரும் விற்கிற கடை. பத்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. நாற்பத்தெட்டு வயதில், தனி ஆட்கள் தங்களுக்குள் ரேடியோவில் பேசிக்கொள்ள லைசென்ஸ் தருகிற ஹாம் ரேடியோ பரீட்சைக்கு உட்கார்ந்து, இரண்டாவது தடவை பாஸாகி, லைசென்ஸை ஃபிரேம் போட்டுக் கல்லாவுக்கு மேலே சாமி படங்களோடு மாட்டினார்.

எனக்கு அவரோடு பன்னிரண்டு வருடப் பழக்கம். நான் சிவப்பிரகாஷ், துறைமுகத்தில் ஒரு ஷிப்பிங் ஏஜென்சியில் டாக்குமென்ட் கிளார்க். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு எங்கள் நெட் தொடங்கும். நெட் என்றால், ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் செட் வைத்திருக்கிற பத்துப் பதினைந்து பேர் ஒரே அலைவரிசையில் கூடுவது. அதில் ஒருவர் கன்ட்ரோல். அவர் கூப்பிட்டால்தான் மற்றவர்கள் பேசலாம். இல்லாவிட்டால் சந்தைக்கடை ஆகிவிடும். கன்ட்ரோல் எப்போதும் அண்ணாச்சிதான். யாரும் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. அவர் குரலுக்கு எதிரே இன்னொருவர் கன்ட்ரோல் என்று சொல்லிக்கொள்ள யாருக்கும் தைரியம் வரவில்லை என்பதுதான் உண்மை.

அவருடைய பெருமை முழுக்க ஒரு மீட்டரில் இருந்தது. நாம் அனுப்புகிற பவரில் எவ்வளவு வெளியே போகாமல் செட்டுக்கே திரும்பி வருகிறது என்று காட்டுகிற எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர். ஒன்று காட்டினால் எதுவும் திரும்பவில்லை, எல்லாம் சுத்தம். இரண்டு என்றால் சுமார். மூன்று என்றால் மாடிக்கு ஏறிப் போய் ஆன்டெனாவைப் பார்க்க வேண்டும். அண்ணாச்சியின் மீட்டர் முதலில் ஒன்றரை காட்டியது. வருடம் போகப் போக ஒன்று புள்ளி மூன்று, பிறகு ஒன்று புள்ளி ஒன்று. வருகிறவர்களையெல்லாம் மாடி அறைக்குக் கூட்டிப் போய் முள்ளைக் காட்டுவார். எப்படி அண்ணாச்சி இவ்வளவு குறைத்தீர்கள் என்று கேட்டால் கைராசி என்பார். நாங்களும் வாயைப் பிளந்து பார்த்துவிட்டுக் காபி குடித்துவிட்டு வருவோம்.

கேபிளும் ஆன்டெனாவும் சேருகிற இடத்துக்கு எல்லோரும் கடையில் விற்கிற ரப்பர் டேப்பைச் சுற்றுவார்கள். அண்ணாச்சி அங்கே மீன்பிடி வள்ளத்தின் இடுக்குகளை அடைக்கிற குங்கிலியப் பிசினை எண்ணெயில் காய்ச்சி ஊற்றினார். கடலிலேயே தண்ணீர் விடாத சாமான் காற்றிலா விடப்போகிறது என்று கேட்டார். வள்ளம் நனைந்துகொண்டே இருக்கும், இது உப்பளக் காற்றிலும் வெயிலிலும் காயும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

புதுக்கோட்டை என்றால் ஜில்லா இல்லை, எங்கள் பக்கத்துச் சின்ன ஊர். அங்கே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற இந்துமதி எங்கள் நெட்டுக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. கையடக்க செட்டும், உடைந்த குடைக் கம்பியில் அவளாகச் செய்த ஆன்டெனாவும், டி.வி. கேபிளும்தான் அவள் சாமான்கள். எஸ்.டபிள்யூ.ஆர். எவ்வளவு என்று அண்ணாச்சி கேட்டார். இரண்டு என்று உள்ளதைச் சொன்னாள். அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும், குடை விரிஞ்சாச்சா, மழை வருதா என்று ஏதாவது கேலி. நாங்கள் சிரிப்போம். நானும் சிரித்திருக்கிறேன். அவள் ஒன்றும் சொல்லமாட்டாள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுப் போய்விடுவாள்.

கடைசி ஒரு வருடமாக அண்ணாச்சிக்கு ஒரு குறை இருந்தது. நெட்டுக்கு ஆள் வருவதில்லையாம். எல்லாருக்கும் வாட்ஸ்அப் வந்துவிட்டதால் ரேடியோவை மறந்துவிட்டார்களாம். உண்மையில் வந்தவர்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். தூரத்து ஆட்கள் அவருக்குக் கேட்கவில்லை. அவர்கள் பேசுவதை நாங்கள் கேட்டு அவரிடம் சொன்னால், பவரைக் கூட்டச் சொல்லு என்பார்.

அந்த வருடம் டிசம்பரில் வந்த வெள்ளத்தில் போன் டவர்கள் எல்லாம் படுத்துவிட்டன. ஓர் அரசு அலுவலகத்தின் மாடியில் அவசர அறை திறந்து, எங்களை உதவிக்குக் கூப்பிட்டார்கள். நான் கையடக்க செட்டோடு அதிகாரியின் மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அண்ணாச்சி வீட்டில் பெரிய பாட்டரியை வைத்துக்கொண்டு கன்ட்ரோலாக இருந்தார். எந்த ஊரிலிருந்து எந்தத் தகவல் வந்தாலும் அவர் வாங்கி எனக்குச் சொல்வார், நான் அதிகாரிக்குச் சொல்வேன், படகு அந்தப் பக்கம் போகும். இதுதான் ஏற்பாடு.

காலை பத்து மணி இருக்கும். தருவைகுளத்து பெனிஸ்டன், படகுக்கார வீட்டுப் பிள்ளை, கூப்பிடாமலேயே நடுவில் புகுந்தான்.

"அண்ணாச்சி, புதுக்கோட்டை ஸ்டேஷன் கூப்பிடுது. மாடில நிக்காவளாம். டயாலிசிஸ் செய்யுத ஆளு ஒருத்தர் கூட இருக்காராம்."

"ஏலே பெனிஸ்டன், குறுக்க வராத. எனக்குக் கேக்காதது உனக்கு எப்படில கேக்கும்? என் மீட்டர் ஒண்ணு புள்ளி ஒண்ணு. புதுக்கோட்டை இருந்தா எனக்குத்தான் மொதல்ல கேக்கும். வேற எதையோ கேட்டுட்டுச் சொல்லுத."

"பொம்பளக் குரல் அண்ணாச்சி. நல்லாவே கேக்குது."

"லைன விடுல. புதுக்கோட்டை இல்ல."

அவர்கள் இரண்டு பேர் பேச்சுக்கும் இடையில் என் செட்டில் இரைச்சலுக்குள் ஒரு பெண் குரல் வந்தது. வெட்டி வெட்டி வந்தது. 'சுடலைக்கண்ணன்' என்ற பெயரும் 'மூச்சு' என்ற சொல்லும் எனக்குக் கேட்டன. இந்துமதியின் குரலை எனக்குத் தெரியாதா? வாராவாரம் கேட்ட குரல். அதிகாரி நிமிர்ந்து, புதுக்கோட்டைப் பக்கம் ஏதாவது உண்டா என்று கேட்டார். நான் இல்லை என்றேன். கன்ட்ரோல் இல்லை என்று சொல்லியாயிற்று, அதற்கு மேல் நான் யார் என்று நினைத்தேன். சத்தியமாக அவ்வளவுதான் நினைத்தேன். அதிகாரி படகை ஆறுமுகநேரிப் பக்கம் அனுப்பினார்.

பெனிஸ்டன் வேறு அலைவரிசைக்குப் போய் அவளிடம் நேராகப் பேசியிருக்கிறான். தெருவைச் சொல்லி முடிப்பதற்குள் அவள் பாட்டரி தீர்ந்துவிட்டது. அவன் அப்பாவைக் கெஞ்சி, ஃபைபர் படகை ஒரு மினி லாரியில் ஏற்றிக்கொண்டு மறுநாள் புறப்பட்டு, மாடி மாடியாகத் தேடி மத்தியானம் கண்டுபிடித்தான். பக்கத்து வீட்டு சுடலைக்கண்ணன் பிழைத்துக்கொண்டார். மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அந்த ஒரு பகலும் ஒரு இரவும் அவர் மூச்சுக்குத் திணறியதை இந்துமதி கையில் செத்த செட்டோடு பக்கத்திலிருந்து பார்த்தாள்.

பொங்கலுக்குப் பிறகு ஒரு சங்கத்தார் எங்களுக்குப் பாராட்டு விழா வைத்தார்கள். அண்ணாச்சிக்குப் பொன்னாடை. பெனிஸ்டன் அவளைக் கண்டுபிடித்ததைத் தற்செயல் என்றுதான் அவர் அதுவரை நம்பிக்கொண்டிருந்தார். மேடையில் அவர் பேசும்போது, ஆபத்து நேரத்தில் சில ஸ்டேஷன்கள் பயந்துபோய் செட்டை அணைத்துவிட்டன, பெயர் சொல்ல விரும்பவில்லை, குடை பிடித்துக்கொண்டு ரேடியோ நடத்த முடியாது என்றார். கூட்டத்தில் பாதிப் பேருக்குப் பெயர் புரிந்தது. சிலர் கை தட்டினார்கள். அடுத்த ஞாயிறிலிருந்து இந்துமதி நெட்டுக்கு வரவில்லை. அவள் கூப்பிட்டாள் என்று விழாவிலேயே வாய் திறந்த பெனிஸ்டனையும், பெரிய எல்லாம் தெரிந்தவன் என்று இரண்டு பேர் அதட்டி உட்கார வைத்தார்கள்.

சித்திரையில் அண்ணாச்சி பைப்புக்குப் பெயின்ட் அடிக்க ஆன்டெனாவை இறக்கினார். உதவிக்கு நான் போயிருந்தேன். ஆன்டெனாவைக் கழற்றித் தரையில் வைத்தோம். கேபிளின் மேல் முனை சும்மா காற்றில் தொங்கியது. செட் ஓடுகிறதா என்று பார்க்கக் கீழே அறையில் பட்டனை ஒரு நொடி அழுத்தினார். அதோடு முகம் மாறிவிட்டது. அறை வாசலில் நின்ற என்னைக் கையால் அழைத்தார்.

மீட்டர் ஒன்று புள்ளி ஒன்று காட்டியது.

முனையில் ஆன்டெனாவே இல்லை. நியாயமாகப் பார்த்தால் முள் அந்தக் கோடிக்கு ஓடிப் போய் இடித்திருக்க வேண்டும். மறுபடியும் அழுத்தினார். அதே ஒன்று புள்ளி ஒன்று. மொட்டை மாடிக்கு ஏறிப் போய் கத்தியால் கேபிளை நீளவாக்கில் கீறினார். குங்கிலியம் வெடித்த இடத்திலிருந்து கீழ்வரைக்கும் உள்ளே செம்பு பச்சைப் பாசி பிடித்த மாதிரி இருந்தது, உப்புத் தண்ணீர் சொட்டியது. போகிற பவரையும் அதுவே தின்றிருக்கிறது, திரும்புகிற பவரையும் அதுவே தின்றிருக்கிறது, வெளியிலிருந்து வருகிற குரலையும் அதுவே தின்றிருக்கிறது. திரும்பி வர எதுவும் மிச்சமில்லாததால்தான் மீட்டர் அவ்வளவு நல்ல பேர் வாங்கியது. கேபிள் கெடக் கெட முள் இறங்கியது. அதைத்தான் நாங்கள் கைராசி என்று காபி குடித்துக் கொண்டாடினோம்.

அண்ணாச்சி வெயிலிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு, "அந்தப் பிள்ள கூப்பிட்டிருக்கால்ல," என்றார். ஐம்பத்தொன்பது வயசு மனிதர் வாயைப் பொத்திக்கொண்டு அழுததை நான் அன்றுதான் பார்த்தேன். அவருக்கு ஆறுதல் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எனக்கு அவரைவிடக் கூடுதலாகத் தெரியும் என்பதால் வரவில்லை.

மறுநாளே இரண்டடி கேபிள் துண்டைச் செய்தித்தாளில் சுருட்டிக்கொண்டு புதுக்கோட்டைக்குக் கிளம்பினார். என்னையும் இழுத்துக்கொண்டு போனார். ஜெராக்ஸ் கடையில் ஆதார் நகல் எடுக்க ஆட்கள் நின்றார்கள். இந்துமதி எங்களைப் பார்த்தாள், வேலையை நிறுத்தவில்லை. கடைசி ஆளும் போன பிறகு அண்ணாச்சி கேபிளை மேஜையில் வைத்தார். மீட்டர் ஏமாற்றிவிட்டது, தண்ணீர் இறங்கியது தெரியாமல் போய்விட்டது என்று சொல்லிக்கொண்டே போனார். அவள் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மீட்டரு சொன்னத நம்புனிய, சரி அண்ணாச்சி," என்றாள். "பெனிஸ்டனும் சொன்னாம்லா. ஆளு சொன்னத ஏன் நம்பல?"

அண்ணாச்சி கேபிள் துண்டைத் திரும்பவும் செய்தித்தாளில் சுருட்டத் தொடங்கினார். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க டவுனுக்குள்ளதான இருந்திய அண்ணே. உங்களுக்காவது கேட்டுதா?"

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். அண்ணாச்சி தலை குனிந்து நின்ற இடத்தில் நானும் குனிந்திருந்தால் பாதி பாரம் குறைந்திருக்கும். "இல்லம்மா," என்றேன். அவள் என் முகத்தை இரண்டு விநாடி பார்த்துவிட்டு புதிதாக வந்து நின்ற ஆளின் ரேஷன் கார்டை வாங்கினாள்.

அந்த ஞாயிறு புதுக் கேபிளோடு அண்ணாச்சி நெட்டுக்கு வந்தார். எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நிறுத்திவிட்டுச் சொன்னார். வெள்ளத்தன்று புதுக்கோட்டை ஸ்டேஷன் கூப்பிட்டது, எனக்குக் கேட்கவில்லை, கேட்டதாகச் சொன்னவனை நான் அதட்டினேன், மேடையில் அந்தப் பிள்ளை பேரைக் கெடுத்தேன், பொன்னாடை போர்த்த வேண்டியது அவளுக்கு என்றார். இனி நான் கன்ட்ரோல் இல்லை, புதுக்கோட்டை இருந்தால் எடுத்துக்கொள்ளட்டும் என்று முடித்தார். குற்றம் முழுக்க என்னுடையது, வேறு யாருக்கும் இதில் பங்கில்லை என்றும் சொன்னார். அதைக் கேட்டு நான் வீட்டில் தனியாக உட்கார்ந்து கூசிப்போனேன்.

கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். பிறகு, இத்தனை நாளும் பேசாமல் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்த இந்துமதியின் குரல் வந்தது. புதுக்கோட்டை கன்ட்ரோல் எடுத்துக்கொள்கிறது, அண்ணாச்சி சிக்னல் நன்றாக இருக்கிறது என்றாள். ஒவ்வொரு ஸ்டேஷனாகக் கூப்பிட்டாள். பெனிஸ்டனை முதலில் கூப்பிட்டாள். என் முறை வந்தபோது குரல் தெளிவு என்று மட்டும் சொன்னேன். எல்லோரும் முடித்த பிறகு, நெட்டை மூடும் முன் கன்ட்ரோல் வழக்கமாகக் கேட்கிற கேள்வியைக் கேட்டாள்.

"வேற யாருக்கும் சொல்ல ஏதும் இருக்கா?"

கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். அண்ணாச்சி பத்து விநாடிக்கு மேல் காத்திருந்தது கிடையாது. அவள் ஒரு நிமிடம் முழுக்கக் காத்திருந்தாள். என் கட்டைவிரல் பட்டன் மேல்தான் இருந்தது. நான் அழுத்தவில்லை. அவள் நன்றி சொல்லி நெட்டை மூடினாள்.

இப்போது ஒவ்வொரு ஞாயிறும் அவள்தான் கன்ட்ரோல். ஒவ்வொரு ஞாயிறும் கடைசியில் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு ஒரு நிமிடம் காத்திருக்கிறாள்.