பார்க்காத வலமுகம்

அம்மா இறந்த இருபத்திரண்டாம் நாள் அவள் வேலை பார்த்த அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. அனுதாபம் இரண்டு வரி. மூன்றாவது வரியில் விஷயம். குன்றின் மேல் உள்ள பழைய தண்ணீர்த் தொட்டியை இடித்துப் புதிதாகக் கட்டப் போகிறார்கள். அந்த இடத்தை அளந்த ஃபீல்டு புக் அம்மாவிடம் இருப்பதாகத் தெரிகிறது. அதே உயரக் கணக்கு தேவைப்படுவதால் ஒப்படைக்கவும்.

தேடினேன். அலமாரியில், மருந்துச் சீட்டுகளுக்கு அடியில் இருந்தது.

அம்மா சர்வேயர். இருபத்தெட்டு வருடம், கோணம் அளக்கும் தியோடலைட் கருவியின் பின்னால் நின்றவள். முக்காலியைச் சுமந்து சுமந்து வலது தோள் இறங்கிப் போயிருந்தது. வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்காருவாள். "அஞ்சு நிமிஷம்" என்பாள். நான் வீட்டுப்பாடம் முடித்து நிமிரும்போதும் அங்கேயே இருப்பாள், கண் திறந்தபடி. அப்பா இல்லாத வீடு. அந்த ஐந்து நிமிடத்தை அவளுக்குத் தர வேறு ஆள் கிடையாது. ஏதாவது கேட்டால் பழக்க தோஷத்தில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பதில் சொல்வாள்.

நானும் கட்டுமானப் பொறியியல் படித்தவள். அவள் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எட்டாத இடத்தின் உயரம் வேண்டும். அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, அதைப் பார்க்கத் தொலைநோக்கியை எந்தக் கோணத்துக்குத் தூக்க வேண்டியிருக்கிறது, இந்த இரண்டும் தெரிந்தால் மிச்சம் கணக்கு. ஆனால் கோணத்தை ஒருமுறை பார்த்தால் போதாது. பார்த்ததும் தொலைநோக்கியைக் கவிழ்த்து, கருவியை அரைவட்டம் திருப்பி, அதே புள்ளியை மறுபடி பார்க்க வேண்டும். முதலில் பார்ப்பது இடமுகம், அடுத்தது வலமுகம். இரண்டையும் கூட்டினால் முந்நூற்று அறுபது டிகிரி வர வேண்டும். வராது. கூடுவதோ குறைவதோ கருவியின் கோளாறு. அதில் பாதியை எடுத்து அளவைத் திருத்திக்கொள்ளலாம்.

அம்மாவின் கருவிக்கு எட்டு நிமிடக் குறை. நிமிடம் என்பது டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு. ரிப்பேருக்கு அனுப்பச் சொல்லி எழுதி எழுதி ஓய்ந்துவிட்டாள். "ரெண்டு முகமும் பாத்துட்டா அது பாட்டுக்குச் சரியாயிடும்" என்பாள். புத்தகத்தைப் புரட்டினேன். பக்கத்துக்குப் பக்கம் அதே குறை. 359 டிகிரி 52 நிமிடம். மறுபடி 359, 52. ஓரிடத்தில் 51.

குன்றின் உச்சிக்கான பக்கத்தில், தலைக்கு நேர்மேலிருந்து கீழாக எண்ணும் கணக்கில், இடமுகம் 82 டிகிரி 51. வலமுகம் 277 டிகிரி 9. கூட்டினேன். 360.

மறுபடியும் கூட்டினேன்.

அந்தக் கருவி அப்படியொரு விடையைத் தராது. அம்மா வலமுகம் பார்க்கவேயில்லை. இடமுகத்தை 360இலிருந்து கழித்து எழுதியிருக்கிறாள்.

கல்லூரியில் ஒருமுறை நானும் இதே காரியத்தைச் செய்தேன். மழை வந்துவிட்டது, மிச்சத்தை கேன்டீனில் உட்கார்ந்து எழுதினோம் என்று சிரித்துக்கொண்டே அம்மாவிடம் சொன்னேன். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். கோபம் என்று நினைத்தேன்.

அறுநூறு மீட்டர் தூரத்தில் எட்டில் பாதி, நான்கு நிமிடப் பிழை என்றால் உயரத்தில் எழுபது சென்டிமீட்டர். குன்று இருப்பதைவிட உயரமாகப் பதிவானதால் தொட்டி அந்த அளவுக்குத் தாழ்வாக நிற்கிறது. அதனால்தான் மேல்தெருக் குழாய்களில் இருபத்து மூன்று வருடமாகத் தண்ணீர் நூலாக வருகிறது. அடைப்பு என்று சொல்லி இரண்டு முறை தெருவையே தோண்டிப் போட்டார்கள்.

புத்தகத்தை வாங்கிப் போக மறுநாள் செயின்மேன் மாமா வந்தார். அம்மா கருவியில் பார்க்க, எதிரே குறிக்கம்பு பிடித்து நின்றவர். ஓய்வு பெற்ற பிறகும் அலுவலகத்தில் கூப்பிட்ட குரலுக்குப் போகிறவர்.

"மாடி ஏறி வர்றதுக்குள்ள மூச்சு வாங்குது பாப்பா. உங்க அம்மா முட்டி வலியை வச்சுக்கிட்டு எப்படித்தான் குன்று குன்றா ஏறுனாங்களோ."

பக்கத்தைத் திறந்து காட்டினேன். "அன்னைக்கு என்ன ஆச்சு மாமா?"

அவர் கண்ணாடியைத் தேடுவதுபோலப் பாவனை செய்தார். கண்ணாடி மூக்கில்தான் இருந்தது.

"ஒரு முகம் பாத்ததும் ஒரு தடவை கை காட்டுவாங்க. ரெண்டாவது தடவை காட்டுனா நான் இறங்கணும். அன்னைக்கு ஒரு தடவையோட சரி. ஒரு மணி நேரம் கொடிக்கம்பம் மாதிரி நின்னேன். இறங்கி வந்து பாத்தா ஆளையும் காணோம், கருவியையும் காணோம்."

"எங்க போனாங்க?"

"எங்க போவாங்க? நீ பள்ளிக்கூட மதில்லேருந்து விழுந்து கையை உடைச்சுக்கிட்டேன்னு ஆள் வந்து சொல்லியிருக்கு. ஆஸ்பத்திரி வராந்தாவில உக்காந்துதான் அந்தக் கட்டத்தை எழுதுனாங்க. மறுநாள் காலையில கணக்குக் குடுக்கணுமே."

"அப்புறம் போய்ப் பாத்திருக்கலாமே?"

"உன் கைக்கு ரெண்டு ஆபரேஷன். ஒன்றரை மாசம் லீவு. திரும்பி வந்தப்போ அஸ்திவாரம் போட்டாச்சு. 'சொல்லிடவா'ன்னு கேட்டாங்க. 'வேலை போயிடும், புள்ளையை வச்சுக்கிட்டு என்ன பண்ணுவீங்க'ன்னு நான்தான் வாயை அடைச்சேன்."

மாமா திறந்திருந்த பக்கத்தை மூடினார்.

"அப்படியே குடுத்துடு பாப்பா. யாரு கூட்டிப் பாக்கப் போறா?"

"கூட்டிப் பாத்தாலும் சரியா வரும் மாமா. அதுதான் பிரச்சினை. புதுத் தொட்டியும் எழுபது சென்டிமீட்டர் கீழ நிக்கும்."

ஒரு தாளில் எழுதினேன். 'இப்பக்கத்தில் வலமுகம் பார்க்கப்படவில்லை. உயரம் சுமார் 70 செ.மீ. கூடுதலாகப் பதிவாகியுள்ளது. மறுபடி அளக்காமல் பயன்படுத்த வேண்டாம்.' கீழே, சர்வேயரின் மகள் என்று போட்டுக் கையெழுத்திட்டுப் பக்கத்தோடு சேர்த்துப் பின் குத்தினேன்.

"மண்ணுக்குள்ள போனவங்களைக் கூண்டுல ஏத்துறியே."

புத்தகத்தை அவரிடம் நீட்டினேன். அவர் அதைப் பையில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். போகும்போது சொல்லிக்கொண்டு போகவில்லை.

ஒன்பது நாள் கழித்து அலுவலகத்திலிருந்து ஓர் இளம் பொறியாளர் போன் செய்தார். புதுக் கருவியில் அளந்துவிட்டார்களாம். வித்தியாசம் அறுபத்தெட்டு சென்டிமீட்டர். நன்றி சொன்னார். கொஞ்சம் தயங்கினார்.

"தப்பா நினைக்காதீங்க மேடம். அவங்க மத்த புக்கெல்லாம் பாத்தேன், அவ்வளவு சுத்தமா இருக்கு. இதுல மட்டும் ஏன் இப்படி?"

"அன்னைக்கு நான் கையை உடைச்சுக்கிட்டேன்" என்றேன்.

அவருக்குப் புரிந்திருக்காது. "சரிங்க மேடம்" என்று வைத்துவிட்டார்.