ஐந்தாவது காலுறைக்கு நாலு மார்க்

ஒடெட் யாருக்கும் ஒன்பது போட்டதில்லை. டெண்டர் ஆற்றங்கரையில் கறுப்பு பீர் காய்ச்சுகிற அத்தனை பேருக்கும் இது தெரியும். பத்துக்கு ஏழு வாங்கினால் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார்கள். எட்டு வாங்கினால் அன்று வீட்டில் விருந்துதான். 'காய்ந்த தொண்டைகள்' என்று தங்களுக்குத் தாங்களே பெயர் வைத்துக்கொண்ட சுவைப்புச் சங்கத்தில் வாய் ஓயாமல் பேசுகிறவர்கள் நிறைய உண்டு. ஆனால் அவர்கள் பேசி முடித்ததும் எல்லாக் கண்களும் ஒடெட் பக்கம்தான் திரும்பும்.

படித்து வாங்கிய நாக்கு இல்லை அது. பள்ளிக்கூடத்துச் சமையலறையில் சூப் காய்ச்சி ஓய்வு பெற்றவள். தலைமையாசிரியர் ஒருநாள் சூப்பைக் குடித்துவிட்டு அருமை என்றபோது, "உப்பு கம்மி. மனசறிஞ்சு பொய் சொல்லாதீங்க" என்றவள். இப்படிப்பட்டவளுக்குச் சிநேகிதிகள் எப்படி மிஞ்சினார்கள் என்று கேட்டால், ஒரே ஒருத்திதான் மிஞ்சினாள். அவள் ஸிமோன். அவளுக்கும் வாய் காது வரைக்கும்.

புருஷன் எதியென் பீர் இருக்கிற பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டார். அவருக்கு உலகம் என்றால் பந்தயப் புறாக்கள். கொல்லையில் கூண்டு, கூரையில் கண். அம்மாவின் பைத்தியத்தைப் பிடித்துக்கொண்டவன் மகன் யோரிஸ். ரயில்வேயில் சிக்னல் பழுது பார்க்கிற வேலை. கெட்டியான வேலை, பின்னால் ஓய்வூதியமும் உண்டு. இரண்டு பிள்ளைகள், பாதி கட்டி நிற்கிற வீடு. சனி ஞாயிறானால் பீர் காய்ச்சக் கார் கொட்டகையில் அண்டாவை ஏற்றிவிடுவான்.

போன நவம்பரில் ஒரு பாட்டிலை அம்மாவின் சமையலறை மேஜையில் கொண்டுவந்து வைத்தான். கிறிஸ்துமஸுக்கென்று காய்ச்சிய கறுப்பு பீர். காக்காய்க் கிறுக்கல் போலிருந்தாலும் லேபிளை அவனே வரைந்திருந்தான்.

"அம்மா, உள்ளதைச் சொல்லு. நீ நல்லாருக்குன்னு சொன்னா வருஷப் பிறப்போட ரயில்வேக்கு ஒரு கும்பிடு. முழுசா இதுல இறங்கிடுவேன்."

"என் தலையில கட்டாதடா."

"வேற யார் தலையில கட்றது? உன் நாக்கைத்தானே ஊரே நம்புது."

ஒடெட் முகர்ந்தாள். ஒரு வாய் குடித்தாள். காய்ந்த திராட்சை, கருகக் கருகக் காய்ச்சிய சர்க்கரை, அதற்குப் பின்னால் மெல்ல ஏறிவரும் ஒரு சூடு. எதிரே யோரிஸ், பரீட்சை முடிவு பார்க்க வந்த பிள்ளை போல இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

"ஒன்பது" என்றாள்.

சொல்லிவிட்டு அவளே திகைத்துப் போனாள். மகனைச் சந்தோஷப்படுத்தச் சொன்னதில்லை, சத்தியமாக இல்லை. நாக்கு சொன்னதைத்தான் வாய் சொன்னது என்று அவள் நம்பினாள்.

சங்கத்தின் குளிர்காலச் சுவைப்பு, டிசம்பரில் புனித நிக்கலஸ் பண்டிகை கழிந்த ஞாயிற்றுக்கிழமை, அன்னம் காப்பிக்கடையின் மாடியில். அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஆளுக்கொரு பாட்டில் கொண்டுவருவார்கள். தலைவர் ஃபிர்மினின் மனைவி அவற்றைத் தனி அறைக்கு எடுத்துப்போய், தான் பின்னிய முழங்கால் வரைக்குமான கம்பளிக் காலுறைகளில் நுழைத்து, எண் மாட்டிக் கொண்டுவருவார். யார் காய்ச்சியது, என்ன விலை, லேபிளில் எந்தத் துறவி மடத்தின் பெயர், ஒன்றும் தெரியாது. மார்க்கை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். காரணமும் சொல்ல வேண்டும். சொன்னதைத் திரும்பப் பெற முடியாது. பாட்டிலே கெட்டுப் போயிருந்தால் மட்டும் இன்னொன்று திறக்கலாம்.

அம்மா குடிக்கிறாள் என்றால் யாராவது கார் ஓட்ட வேண்டுமே, அதனால் யோரிஸும் வந்திருந்தான். சுவரோரமாகக் காப்பியோடு உட்கார்ந்துகொண்டான். அவனிடம் ஒரு பாட்டில் வாங்கி, தன்னுடையது என்று சொல்லி ஸிமோன் கொடுத்திருந்தது ஒடெட்டுக்குத் தெரியாது. 'முகர்ந்தவுடனே கண்டுபிடிச்சிடுவா பாரு, கூத்தா இருக்கும்' என்று ஸிமோன்தான் அவனைக் கிளப்பிவிட்டிருந்தாள். அவனுக்கும் ஆசை. வீட்டில் வாங்கிய ஒன்பதைச் சபையிலும் வாங்கிவிட வேண்டும் என்ற ஆசை.

கடுகும் செலரி உப்பும் தொட்ட பாலாடைக்கட்டித் துண்டுகள் மேஜையைச் சுற்றி வந்தன. முதல் நாலு காலுறைகளும் பெரிய சண்டை இல்லாமல் போயின. ஐந்தாவது வந்தது. ஃபிர்மின் ஆறு போட்டார். ஸிமோன் உதட்டைக் கடித்துக்கொண்டு ஏழு என்றாள். மற்றவர்களும் ஆறு, ஆறரை என்று பட்டும் படாமல் சொல்லிவைத்தார்கள்.

ஒடெட் முகர்ந்தாள், குடித்தாள், வாயைக் கொப்பளித்துவிட்டு இன்னொரு வாய் குடித்தாள்.

"நாலு."

"நாலா! ஏம்மா தாயே, கொஞ்சம் ஈவு இரக்கம் வேண்டாமா?" என்றார் ஃபிர்மின்.

"ஆரஞ்சுத் தோல், அன்னாசிப்பூ, கிராம்பு, மல்லி, மேல தேன் வேற. கல்யாணத்துக்கு இருக்கிற நகையெல்லாம் எடுத்து மாட்டிக்கிட்டு வந்து நிக்கிறா மாதிரி இருக்கு. கழுத்தே தெரியலை. இதைக் காய்ச்சினவனுக்குத் தன் மேலயே நம்பிக்கை இல்லை. எங்க தன்னைக் கவனிக்காம போயிடுவாங்களோன்னு கைக்குக் கிடைச்சதையெல்லாம் போட்டிருக்கான். யாராவது அவன்கிட்ட நிஜத்தைச் சொல்லணும். வீட்ல ஆளே இல்லை போல."

எல்லோரும் சிரித்தார்கள். ஸிமோன் மட்டும் சிரிக்கவில்லை. அவள் முகம் வெளிறிப்போயிருந்தது.

ஃபிர்மின் காலுறையை உருவினார். காக்காய்க் கிறுக்கல் லேபிள் வெளியே வந்தது.

ஒடெட் அதைப் பார்த்தாள். சுவர்ப் பக்கம் திரும்பினாள். யோரிஸ் காப்பிக் கோப்பையைக் கலக்கிக்கொண்டிருந்தான். அதில் கலக்குவதற்கு ஒன்றும் இல்லை.

"காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சும்பாங்க. நீ என்னடி, குஞ்சையே கொத்திட்டியே" என்றாள் ஸிமோன். கேலியாகத் தொடங்கியவள் முடிக்கும்போது கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

ஃபிர்மின் நல்ல மனிதர். விஷயத்தை ஒரு நொடியில் புரிந்துகொண்டார். "பாட்டில்ல வெயில் பட்டிருக்கும், ஒடெட். எனக்கும் லேசா ஒரு வாடை அடிச்சுது. கெட்ட பாட்டில்னு நீ சொன்னா போதும், அந்த நாலை அடிச்சிடலாம். தம்பி, வண்டியில இன்னொண்ணு வெச்சிருக்கியா?"

இருந்தது. யோரிஸ் போய் எடுத்துவந்து, அம்மாவின் முன்னால் திறந்து ஊற்றினான். ஒடெட் குடித்தாள்.

நன்றாக இருந்தது. அதுதான் அவளைக் கதிகலங்க வைத்தது. சற்று முன்னால் நகைக்கடையாகத் தெரிந்ததெல்லாம் இப்போது பண்டிகைக் காலத்துச் சமையலறை மணமாக அடித்தது. அதே கிராம்பு, அதே தேன். அதே காய்ந்த திராட்சை, பின்னால் ஏறிவரும் அதே சூடு. ஒன்பது என்று சொல்ல நாக்கு துடித்தது. அப்படியானால் இத்தனை வருஷமாக ஊர் நம்பிய நாக்கு எது? கண்ணை மூடினால் ஒன்று, திறந்தால் இன்னொன்றா? அடக் கடவுளே என்று உள்ளுக்குள் அரற்றினாள்.

பாட்டில் கெட்டுவிட்டது என்று சொல்லிவிடலாம். ஒரே ஒரு வார்த்தை. மகன் நிமிர்ந்து உட்காருவான், எல்லோரும் மூச்சு விடுவார்கள். வருஷப் பிறப்பன்று அவன் ரயில்வேக்குக் கும்பிடு போட்டுவிட்டு, முகம் தெரியாத ஆயிரம் பேர் முன்னால் இந்தப் பாட்டிலோடு போய் நிற்பான். அந்த ஆயிரம் பேரில் ஒருத்திகூட அவனைப் பெற்றவள் இல்லை.

"பாட்டில்ல ஒரு குறையும் இல்லை, தலைவரே" என்றாள். "நாலு நாலாவே இருக்கட்டும்."

திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. ஆல்ஸ்ட் ஊருக்குப் பிரியும் திருப்பம் தாண்டியதும் யோரிஸ் கேட்டான்.

"அப்போ வீட்ல சொன்ன ஒன்பது? பொய்யா?"

"பொய் இல்லடா."

"இன்னிக்குச் சொன்ன நாலு?"

"அதுவும் பொய் இல்லை."

"ரெண்டும் எப்படிம்மா நிஜமா இருக்கும்?"

"அன்னிக்கு நீ எதிர்ல உக்காந்திருந்தே."

ஒடெட் கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே, "யோரிஸ், வேலைய விட்டுடாதடா. இன்னும் ரெண்டு வருஷம் காய்ச்சிப் பாரு, அப்புறம்..." என்று தொடங்கினாள்.

"விட்டாச்சும்மா."

"என்னடா சொல்றே?"

"நீ ஒன்பதுன்னு சொன்ன மறுவாரமே போய்ச் சொல்லிட்டேன். வருஷப் பிறப்பு வரைக்கும் எதுக்குக் காத்துக்கிட்டு இருக்கணும்னு தோணுச்சு. உன் வாயால ஒன்பது வந்திருக்கே!"

ஒடெட் அழுதாள். மறைக்கவில்லை, மூக்கைக்கூடத் துடைக்கவில்லை. சபையில் நாலு போட்டதற்காக இல்லை, வீட்டில் ஒன்பது போட்டதற்காக அழுதாள்.

கிறிஸ்துமஸுக்கு யோரிஸ் வந்தான், சாப்பிட்டான், அப்பாவோடு புறாக்களைப் பற்றியே பேசிவிட்டுப் போனான். ஒடெட் பாத்திரம் தேய்த்தபடி, ஒன்பதா நாலா எது நிஜம் என்றே தெரியவில்லையே என்று எதியெனிடம் பொருமினாள். அவர் வழக்கம்போல் ஜன்னல் வழியாகக் கூண்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "பந்தயத்துல எந்தப் புறா முதல்ல வந்துச்சுன்னு கடியாரம்தான் சொல்லணும். என்னைக் கேட்டா என்னோடதுதான் எப்பவும் முதல்ல வரும்."

"எனக்குக் கடியாரம் எங்க இருக்கு?"

"மகனைக் கேளு, ஒண்ணு குடுப்பான்" என்றார் மனுஷன், அவ்வளவுதான்.

அவள் கேட்கவில்லை. எந்த முகத்தோடு கேட்பாள்? ஸிமோன் சொல்லித்தான் சேதி தெரிந்தது. பக்கத்து ஊர் பீர் ஆலையில் வாரத்துக்கு மூன்று நாள் அண்டா கழுவும் வேலைக்குப் போகிறானாம், மற்ற நாளில் அங்கேயே ஓரமாகக் காய்ச்சிக்கொள்ள விடுகிறார்களாம். வீடு பாதி கட்டியபடியே நிற்கிறதாம். பெண்டாட்டி அதிகம் பேசுவதில்லையாம்.

மார்ச் மாதத்தில் ஒருநாள், மழை விட்ட பிற்பகலில், யோரிஸ் வந்தான். வண்டியிலேயே ஊற்றி எடுத்துவந்த தட்டில் நாலு கோப்பைகள். நாலிலும் கறுப்பு பீர், நாலிலும் ஒரே அளவு நுரை. மேஜையில் வைத்தான்.

"மார்க் போடும்மா. நான் அப்பாகிட்ட நிக்கிறேன்."

"எதுடா உன்னோடது?"

"அதைச் சொல்லிட்டா அப்புறம் இது எதுக்கு?"

"ஒண்ணாவது உன்னோடதுதானே?"

அவன் சிரித்தான். முன்பெல்லாம் அவன் முகத்தைப் பார்த்தாலே உள்ளே இருப்பது வெளியே தெரியும். இப்போது ஒன்றும் தெரியவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டான்.

ஒடெட் சுவைத்தாள். வாயைக் கொப்பளித்து, ரொட்டியைக் கடித்து, மறுபடி சுவைத்தாள். மகனைத் தேடாதே, பீரைப் பார் என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். தேடாமலும் இருக்க முடியவில்லை, தேடியும் கிடைக்கவில்லை. ஒன்று மெலிவு. ஒன்றில் கசப்பு தூக்கல். மூன்றாவதில் மசாலா அடக்கமாக, இருப்பதே தெரியாமல் இருந்தது. நாலாவது புளிப்புப் பக்கம் சாய்ந்துவிட்டது.

அவன் உள்ளே வந்து வாசலிலேயே நின்றான்.

"ஆறு, அஞ்சரை, ஏழு, நாலு" என்றாள். காரணமும் சொன்னாள், எதையும் குறைக்காமல், சர்க்கரை தடவாமல். அவன் தலையசைத்துக் கேட்டுக்கொண்டான். நாலு என்றபோதும் கண் அசையவில்லை, ஏழு என்றபோதும் அசையவில்லை.

"அடுத்த மாசம் வர்றேம்மா" என்றான். நெற்றியில் முத்தமிட்டுவிட்டுப் போனான்.

மார்க் போடுகிறவர்கள் கோப்பையைக் காலி செய்வதில்லை. நாலைந்து வாய், மிச்சம் கழுநீர்த் தொட்டிக்குத்தான். கார் தெருமுனை திரும்பும் வரை ஜன்னலில் நின்றிருந்த ஒடெட், வந்து மேஜை முன்னால் உட்கார்ந்தாள். முதல் கோப்பையை எடுத்துக் கடைசிச் சொட்டு வரை குடித்தாள். பிறகு இரண்டாவது. பிறகு மூன்றாவது. நாலு மார்க் வாங்கிய அந்தப் புளித்ததையும் முகம் சுளிக்காமல் குடித்து முடித்தாள். எது அவனுடையது என்று யார் கண்டது?