பேனரில் வந்த கை

என் மகளுக்குக் காது குத்தினோம். எங்கள் பக்கத்தில் பத்திரிகை அடிக்காமல்கூடக் காதுகுத்தை நடத்திவிடலாம், ஃபிளெக்ஸ் பேனர் இல்லாமல் முடியாது. அதில் தாய்மாமன் படம் பெரிதாக இருக்க வேண்டும். அவர் மடியில் உட்கார வைத்துத்தானே குழந்தைக்குக் காது குத்துகிறோம்! அதனால் என் அண்ணன் முகம் என் கணவர் முகத்தைவிட இரண்டு மடங்கு. கணவருக்கு அதில் வருத்தம் உண்டு, என்னிடம் சொல்லும் தைரியம்தான் இல்லை.

அண்ணன் ஒக்கூரில் விவசாயம் பார்க்கிறார். கேமராவைக் கண்டாலே நழுவிவிடுவார். என்னிடம் இருந்தது ஒரே ஒரு படம், ஏதோ கல்யாணத்தில் அவர் மனைவி, என் மதினியோடு நிற்பது. காரைக்குடி ஃபிளெக்ஸ் கடையில் அதைக் கொடுத்து, "அண்ணனை மட்டும் வெட்டி எடுத்துப் போடுங்க" என்று சொன்னது நான்தான்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மதினி மேல் எனக்கு ஒரு கடுப்பு இருந்தது. அண்ணன் புது வீட்டுக்குப் பால் காய்ச்சிய அன்று, என்னைப் பந்திக்கு யாரும் கூப்பிடவில்லை என்று சாப்பிடாமலே பஸ் ஏறி வந்தேன். அதோடு ஒரு வருஷம் பேச்சு நின்றது. போன பொங்கலுக்கு இரண்டு நாள் இருக்கும்போது கரும்புக் கட்டும் பச்சரிசியும் வெல்லமுமாக அண்ணன் என் வாசலில் வந்து நின்றார். கூடப் பிறந்த பாசம் விடுமா என்று பூரித்துப் போனேன். மதினி தடுத்தும் கேட்காமல் வந்திருக்கிறார் என்று நானாக ஒரு கதையும் கட்டிக்கொண்டேன். அதன்பிறகு போன் செய்தாலும் அண்ணனோடு மட்டும்தான் பேச்சு. காதுகுத்துக்கு அழைக்கப் போனபோதும் அப்படித்தான்.

விழாவன்று காலை நெற்குப்பைப் பக்கம் எங்கள் குலசாமி கோயில் வாசலில் பேனரைக் கட்டிய பிறகுதான் நிமிர்ந்து பார்த்தேன். அண்ணன் தோளில் ஒரு கை! நாலு வளையல், ஒரு பச்சைக்கல் மோதிரம், அதற்கு மேல் ஆள் இல்லை. கடைக்காரர் மதினியை வெட்டிவிட்டுக் கையை விட்டுவிட்டார்.

"இதைக் கழட்டுங்க, சீக்கிரம்" என்று கணவரை விரட்டினேன்.

"ஏணியை இப்பத்தானே எடுத்துக்கிட்டுப் போனாக" என்றார் அவர்.

அதற்குள் அண்ணன் வீட்டுச் சீர் வேன் வந்துவிட்டது. மதினி கோபித்துக்கொண்டு வண்டியைத் திருப்பச் சொன்னால் அண்ணனும் போய்விடுவார். குழந்தைக்கு உட்கார மடி இருக்காது. ஒரு வருஷம் கழித்துக் கிடைத்த அண்ணன் இனி எனக்கும் இல்லை.

மதினி சீர்த் தாம்பாளத்தோடு இறங்கிப் பேனரை அண்ணாந்து பார்த்தார்.

"என் தப்புதான் மதினி. நான்தான் வெட்டச் சொன்னேன். கோவிச்சுக்கிட்டுப் போயிராதீக."

அவர் தாம்பாளத்தை என் கையில் கொடுத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். "கையாச்சும் வந்துச்சே! போன பொங்கலுக்கு உங்க அண்ணன், 'சாப்பிடாமப் போனவ அவதானே, நான் அங்குட்டுப் போகமாட்டேன்'னு வீம்பு புடிச்சாக. இந்தக் கைதான் கரும்பைக் கட்டி, அவுகளையும் புடிச்சு வண்டியில ஏத்திவிட்டுச்சு."

நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் கோயில் மணியைப் பார்த்தார்.

"அப்பவே நீங்க என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல மதினி?"

"நீ என்கிட்ட பேசுனாத்தானே சொல்றதுக்கு."

வெட்கமாக இருந்தது.

ஊசியைக் கண்டதும் மகள் மாமன் மடியில் துள்ளினாள். மாமன் பயந்துபோய்க் கண்ணை மூடிக்கொண்டார். குழந்தையின் தலையை அசையாமல் பிடித்துக்கொண்ட கையில் அதே பச்சைக்கல் மோதிரம் இருந்தது.

இப்போதெல்லாம் ஒக்கூருக்குப் போன் செய்தால் மதினி நம்பருக்குத்தான். ஊர்க்கதை எல்லாம் பேசி முடித்துவிட்டு, அண்ணன் பக்கத்தில் இருந்தால் கொடுக்கச் சொல்கிறேன். பாதி நாள் அதைக் கேட்க மறந்துவிடுகிறேன்.