அத்தை வைத்த மூன்று கல்

“...அடுப்பு எத்தினியோ குடும்பம் அத்தினின்னு சர்க்காரு ஆளுங்க எய்திக்கினு போறாங்க. எனுக்கு அடுப்பு இல்லேன்னா நான் ஆளே இல்லியா, அண்ணாத்தே?” என்று என் நைனாவிடம் கேட்டபடியே அத்தை சாம்பலைக் கிளறிக் கல் தேடிக்கொண்டிருந்தாள்.

முந்தின நாள் மத்தியானம், திருவொற்றியூர்க் கடலோரத்தில் எங்கள் குடிசை வரிசை மொத்தமும் எரிந்துபோயிருந்தது. எரிகிற ஓலையெல்லாம் கடல்காற்றில் பறந்துபோய் அடுத்த கூரையில் உட்கார்ந்துகொண்டது. எல்லாரும் உயிரோடு மணலில் நின்றோம், அவ்வளவுதான். ஓடுகிற ஓட்டத்தில் அம்மா தூக்கிவந்த சோற்றுப் பானை ஒன்றுதான் மிச்சம்.

கோடை வந்தால் தீயும் வரும், பின்னாலேயே சர்க்கார் ஜீப்பும் வரும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. குடும்பத்துக்கு இவ்வளவு அரிசி, ஒரு வேட்டி, ஒரு புடவை, இரண்டு அலுமினியத் தட்டு, கூரைக்குக் கீற்று. கூரையும் தட்டியும் போன இடத்தில் குடும்பத்தை எப்படி எண்ணுவது? அடுப்பை வைத்துத்தான். நெருப்பு தின்னாமல் விட்டுவைப்பது அதை மட்டும்தானே.

அத்தை நைனாவின் தங்கை. கட்டுமரத்தில் போன மாமா திரும்பி வராததால் எங்களோடு வந்து சேர்ந்தவள். அம்மாவின் அடுப்பில்தான் ஆக்குவாள். எல்லாரும் தின்று எழுந்த பிறகு பானையில் ஒட்டியதைச் சுரண்டித் தின்பாள். அம்மாவுக்குக் கோபம் வந்தால் ‘ஒண்ட வந்தவ’ என்பாள். அத்தை காதில் விழாத மாதிரி பாத்திரம் தேய்ப்பாள்.

மூன்று கரிந்த கல் கிடைத்ததும், எங்கள் அடுப்புக்குக் கொஞ்சம் தள்ளி அத்தை அவற்றை ஊன்றினாள். பக்கத்துக் குடிசைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, பொய் அடுப்பு வைத்தவர்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள், உள்ளவர்களுக்கும் அரிசி கிடையாது என்று என் காது கேட்கவே சொல்லிவிட்டுப் போனார். அத்தையும் போய் அரிசியும் போனால்?

ஜீப் வந்தது. அதிகாரி குடை பிடித்த ஆளோடு ஒவ்வொரு அடுப்பாகப் பார்த்துக்கொண்டே வந்து எங்களிடம் நின்றார்.

“இது யாருது?”

“என்துதான் சார்” என்றாள் அத்தை.

அவர் என்னைப் பார்த்துக் குனிந்தார். “ஏம் பாப்பா, அத்தை தனியாத்தான் சமைக்கிறாங்களா?”

அவருடைய தோளுக்குப் பின்னால் ஜீப்பின் பின்பக்கம் இருட்டாகத் திறந்திருந்தது. அதில் அத்தை உட்கார்ந்திருப்பதுபோலவே எனக்குத் தெரிந்தது.

அவர் நிமிர்ந்து, “அடுப்பு சரி. பானை எங்கம்மா?” என்று கேட்டார்.

அத்தை வெறும் கல்லைப் பார்த்தாள். அப்போது அம்மா எழுந்தாள். மடியோடு அணைத்து வைத்திருந்த பானையைக் கொண்டுபோய் அத்தையின் கல்மேல் வைத்தாள்.

“பானை இவுளுது சார். என்து ஒடைஞ்சி பூட்ச்சி.”

அதிகாரி பானையையும் அம்மாவையும் பார்த்தார். கூட வந்தவரிடம் “ரெண்டு குடும்பம்” என்று சொல்லிவிட்டு அடுத்த அடுப்புக்குப் போனார்.

சாயங்காலம் அரிசி இரண்டு பங்காக வந்தது. காரியம் முடிந்தது, இனி அந்தக் கல்லைத் தள்ளிவிடு என்றார் நைனா. அத்தை தள்ளவில்லை. கரையில் ஒதுங்கிய சுள்ளியைப் பொறுக்கிவந்து அதில் தீ மூட்டினாள். எனக்கோ பயம் இன்னும் போகவில்லை. புகையைப் பார்த்து ஜீப் திரும்பி வந்துவிட்டால்? இரண்டு அடுப்பு எரிந்தால் நாங்கள் இரண்டாகப் போய்விட மாட்டோமா? அம்மா சத்தம் போட்டு இதை நிறுத்துவாள் என்று பார்த்தேன். அம்மா பானையைக்கூடத் திருப்பிக் கேட்கவில்லை.

சோறு வெந்ததும் அம்மா வழக்கம்போலப் பரிமாற எழுந்தாள். அத்தை அவள் மணிக்கட்டைப் பிடித்து மணலில் உட்காரவைத்தாள்.

“நீ குந்து அண்ணி. இன்னிக்கி என் வூட்டுல துண்ணு.”

சுற்றுமுற்றும் பார்த்தேன். கடல்வரைக்கும் சாம்பல்தான் இருந்தது. எந்த வீட்டைச் சொல்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. அம்மா ஏன் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள் என்பதும் விளங்கவில்லை.

அத்தை தன் பங்குக்கு வந்த புதுத் தட்டு ஒன்றில் சோறு போட்டு அம்மாவிடம் தந்தாள். இன்னொன்றில் தனக்கும் போட்டுக்கொண்டு, அம்மாவுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.