ஈப்போ பதிப்பு

நாலு மாதத்துக்கு முன் ஒரு காலை, அலுவலகக் கார் நிறுத்துமிடத்தில் பெல்ட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தபோது தேவா ஒரு குரல்பதிவு அனுப்பினான். நாற்பதை நெருங்கும் மனுஷன். ஜொகூர் பாருவில் இரண்டு பிள்ளைகளுக்கு அப்பன், தினமும் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறவன். குரலை மட்டும் கேட்டால் பதினைந்து வயது என்பீர்கள்.

“மச்சான்! படகு நாலு வருதுலா! பாத்தியா? அந்தம்மா வந்துருவாங்கல்ல?”

அதை மூன்று தடவை திரும்பத் திரும்பக் கேட்டேன்.

உங்களுக்குப் படகு தெரிந்திருக்க நியாயமில்லை. உலகத்தில் அந்த வீடியோ கேமுக்கு வேறு ஏதோ கம்பீரமான பெயர். அட்டையிலிருந்த ஜப்பானிய எழுத்து எங்களில் யாருக்கும் வாசிக்க வராது, படத்தில் ஒரு பையன் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தான், அதனால் எங்கள் ஈப்போ நகரத்துப் புந்தோங்கில் அதற்குப் படகு என்று பெயர். படகு ஒன்று, படகு இரண்டு, படகு மூன்று. மூன்றோடு, அதைச் செய்த கம்பெனி மூடிக்கொண்டது. இருபது வருஷத்துக்கும் மேல் கழித்து, வேறு யாரோ உரிமையை வாங்கி நான்காவதைக் கொண்டுவருகிறார்களாம். இரண்டு நிமிட முன்னோட்டம் வெளியாகியிருந்தது.

ரசிகர் கூட்டம் இருக்கிறதே, அதைத் திருப்திப்படுத்த ஆண்டவனே வந்தாலும் ஆகாது. தண்ணீர் பழைய மாதிரியே தெரியவேண்டும் என்றார்கள் சிலர். இந்தக் காலத்திலும் அந்தத் தண்ணீரா என்று சீறினார்கள் வேறு சிலர். பையன் வளர்ந்திருக்கவேண்டும், வளரவே கூடாது. துடுப்புச் சத்தத்தில் மட்டும் கை வைத்தால் கொலை விழும். நானும் சளைத்தவனில்லை. முன்னோட்டத்தின் கடைசி நொடியில் எதிர்க்கரையில் மஞ்சளாக ஒரு புள்ளி வெளிச்சம் வருகிறது. நிலா என்றார்கள், மின்மினி என்றார்கள். நான் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். பெரிதாக்கினால் மஞ்சள் கட்டங்கள்தான் மிச்சம். அலுவலகக் கூட்டத்தில் மேலாளர் பேசிக்கொண்டிருக்க, மேசைக்கடியில் அதையே ஓட்டிக்கொண்டிருந்தேன். அது விளக்காக இருந்தாகவேண்டிய அவசியம் உலகத்தில் வேறு யாரையும்விட எனக்குத்தான் அதிகம். ஏன் என்று சொல்கிறேன்.

அன்று மத்தியானம் அலுவலகத்தில் ஏர்கோன் ஒழுகி, கம்பளம் நனைந்து, அந்த வாடை கிளம்பியது. ஈரக் கம்பளத்தின் வாடை பட்டால் எனக்கு உடனே தவுக்கே கடைதான். கடை முதலாளியான சீனரை எல்லோரும் தவுக்கே என்போம். அவருக்குப் பெயர் இருந்திருக்கும், நாங்கள் கேட்டதில்லை. நாலு டிவி, நாலு கேம் பெட்டி, செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். சுவரில் சிவப்பு விளக்கெரியும் சாமி மேடை, ஊதுபத்திப் புகை, யாரோ ஒருவன் கோப்பையில் சுடுதண்ணீர் ஊற்றி வைத்த மீ நூடுல்ஸின் மணம். ஈப்போவில் பள்ளி விட்டு வீடு சேர்வதற்குள் தினமும் மழை வந்துவிடும். இடி முதல் தடவை உறுமியதும் தவுக்கே ஓடிவந்து, “ஹுஜான் லா! தூத்தோப்! தூத்தோப்!” என்று கத்திக்கொண்டே எல்லா வயரையும் பிடுங்கிவிடுவார். மழை, மூடு என்கிறார். பாதி ஆற்றில் போய்க்கொண்டிருக்கும் எங்கள் படகைப் பற்றி அவருக்கு என்ன கவலை.

தேவா அங்கே வந்து சேர்ந்தது படகு இரண்டு ஓடிக்கொண்டிருந்தபோது. கோலா கங்சார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்குகிற மண்டோரின் மகன். ரப்பரை வெட்டிச் செம்பனை போட்டார்கள், ஆட்களைக் குறைத்தார்கள், இவர்கள் குடும்பம் லாரியில் புந்தோங்குக்கு வந்து இறங்கியது. தோட்டத்தில் விடியற்காலையில் வேலையாட்களை நிற்க வைத்துப் பெயர் கூப்பிடுவார்களே, பெரட்டு, அதைப் பார்த்து வளர்ந்தவன். கேம் கடையில் நாங்கள் அடித்துக்கொள்வதைப் பார்த்துப் பொறுக்காமல், இரண்டாம் நாளே ஒரு பள்ளி நோட்டைக் கொண்டுவந்து பெரட்டு எடுக்க ஆரம்பித்துவிட்டான். பெயர் கூப்பிடும்போது இல்லாதவனுக்கு அன்றைய முறை போச்சு. தவுக்கேயே அவனைப் பார்த்தால் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்.

என்னுடைய பதவி வேறு. நான் ஜப்பானிய மொழி அறிஞன்.

சிரிக்காதீர்கள். என் அப்பா ஜப்பான்காரர்களின் தொழிற்சாலை ஒன்றில் ஜாகா. வாசலில் நின்று கம்பத்தைத் தூக்கிக் கார்களை உள்ளே விடுகிற காவல் வேலை. அவர் கற்றுக்கொண்ட ஜப்பானியம் ஒரு காலை வணக்கமும், இடுப்பு வரை குனிகிற குனியலும்தான். ஆனால் தோட்டத்திலிருந்து வந்த சனங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தோட்டத்து மருந்தகத்தில் இருக்கிற டிரெசர் வெளியே போயிருந்தால், அவர் மகனிடமே தலைவலிக்கு என்ன மாத்திரை என்று கேட்டு வாங்கிப் போவார்கள். அப்பன் தொழில் பிள்ளைக்கும் வந்துவிடும் என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகமில்லை. தேவா என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

“உங்கப்பா ஜப்பான் பேக்டரிதான? அப்ப நீ படிச்சுச் சொல்லுலா.”

மறுத்திருக்கலாம். ஆனால் படித்துச் சொல்கிறவனுக்கு டிவிக்கு நேர் எதிரே ஸ்டூல் போட்டார்கள். அந்த ஸ்டூலுக்காக நான் அரபு மொழியைக்கூட வாசித்திருப்பேன். திரையில் எழுத்து வந்தால் கண்ணைச் சுருக்குவேன், உதட்டை அசைப்பேன், பிறகு வாய்க்கு வந்ததைச் சொல்வேன். பையனுக்கு முத்து என்று பெயர் வைத்தேன். ஆற்றங்கரையில் விளக்கோடு நின்று வழி காட்டுகிற பொம்பளைக்கு விளக்கம்மா. அவள் வாயசைத்ததும், “தம்பி, சாப்டியாய்யா? இந்தப் பக்கம் பாறை, அந்தப் பக்கமா போய்யா” என்று அவிழ்த்துவிடுவேன். ஒரு ஜப்பான்காரி ஏன் எடுத்ததும் சாப்பிட்டாயா என்று கேட்கிறாள் என்று ஒருவனும் யோசிக்கவில்லை.

படகு மூன்று வந்தபோது தேவாவின் அம்மா இறந்து மூன்று வாரம். இனிப்பு நீர், சர்க்கரை வியாதி. புண் ஆறவில்லை, காலை எடுக்கவேண்டும் என்றார்கள், அதற்குள் போய்விட்டார். அவன் அதைப் பற்றி எங்களிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. பெரட்டு மட்டும் விடாமல் எடுத்தான். கடைசிக் கட்டத்தை அவன்தான் ஆடினான். ஆற்றில் வெள்ளம் வருகிறது. முத்து துடுப்பை எவ்வளவு போட்டும் கரை தள்ளித் தள்ளிப் போகிறது. விளக்கம்மா நின்ற மண் சரிந்து, விளக்கு சாய்ந்து, தண்ணீருக்குள் போய் அணைந்தது. திரை கறுத்தது. வெள்ளையாக மூன்று வரி எழுத்து வந்து நின்றது.

தேவா திரும்பவே இல்லை.

“என்னா எழுதியிருக்கு? சொல்லுலா.”

எனக்கு அவன் பிடரிதான் தெரிந்தது. மொட்டை அடித்து, முடி அப்போதுதான் முள்ளாக முளைத்திருந்தது. அந்தப் பிடரியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

“‘பயப்படாத தம்பி. நான் சாகல. அடுத்த பயணத்துல வாரேன்.’ அதான் எழுதியிருக்கு.”

“நெசமாவா?”

“மூணு வரி இருக்குல்ல? எண்ணிப் பாரு, மூணு வாக்கியம் சொன்னேன்.”

எண்ணினான். இன்னொரு தடவை சொல்லச் சொல்லி, பெரட்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டான். அன்று வீடு வரை ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டே வந்தான். எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது, அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த வருஷம் நாலாவது வந்திருந்தால் என் வண்டவாளம் அப்போதே தண்டவாளம் ஏறியிருக்கும். வரவில்லை. பள்ளி முடிந்தது, அவன் தெற்கே போனான், நான் ஈப்போவிலேயே வேலைக்கு ஒட்டிக்கொண்டேன். அந்தப் பொய், சாப்பாடு தண்ணீர் இல்லாமல் நன்றாகவே உயிர் வாழ்ந்தது. பத்து வருஷத்துக்கு முன் இணையத்தில் படகு ரசிகர்களின் பக்கம் ஒன்றைத் தற்செயலாகப் பார்த்து வேர்த்துப் போனேன். தேவா உடைந்த ஆங்கிலத்தில் எழுதியிருந்தான்: விளக்கம்மா சாகவில்லை, எங்கள் சிடியில் எழுதியிருந்தது. ஜப்பானியர் ஒருவர் வந்து அப்படி எதுவும் இல்லையே என்று பணிவாகச் சொன்னார். தேவா விடவில்லை. உங்களுடையது வேறு சிடி, எங்களுடையது ஈப்போவில் விற்றது என்றான். அதற்குப் பிறகுதான் கூத்து. ‘ஈப்போ பதிப்பு’ என்று ஒன்று இருப்பதாகப் பிரேசில்காரனும் போலந்துக்காரனும் பேச ஆரம்பித்தார்கள். ரகசிய முடிவு உள்ள பதிப்பாம். அதைத் தேடி அலைகிறவர்கள்கூட உண்டு. நாலாம் பாகத்தில் விளக்கம்மா வரவேண்டும் என்று இத்தனை பேர் கேட்டதற்குப் பாதிக் காரணம், ஒரு ஜாகா மகனுக்கு ஸ்டூல் மேல் இருந்த ஆசை.

அதனால்தான் அந்த மஞ்சள் புள்ளி. செய்கிறவர்களே அவளை உயிரோடு கொண்டுவந்துவிட்டால் நான் சொன்னது பொய்யே இல்லை என்றாகிவிடும். தினமும் அதைத்தான் வேண்டிக்கொண்டிருந்தேன். ஆனால் தயாரிப்பாளர் ஒரு பேட்டியில் பட்டென்று உடைத்தார். புதிய கதை, புதிய ஆறு, பழையவர்கள் யாரும் இல்லை. நான் அதைத் தேவாவுக்கு அனுப்பினேன்.

“சும்மா சொல்றானுங்க மச்சான், சஸ்பென்ஸ்லா. நான் மூணு நாள் லீவு போட்டுட்டேன்.”

வெளியீட்டுக்கு இரண்டு வாரம் முன்பு அவன் பழைய தோட்டத்தில் கோயில் திருவிழா. தோட்டத்தில் இப்போது வீடு ஒன்றும் கிடையாது. செம்பனைக்கு நடுவே கோயில் மட்டும் நிற்கிறது, வருஷத்துக்கு ஒரு நாள் நாடு முழுவதிலுமிருந்து கார்கள் வருகின்றன. நானும் போனேன். அவன் மோர்க் கோப்பையோடு மரத்தடியில் நின்றான். எப்படித் தொடங்குவது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன், எல்லாம் மறந்துபோனது.

“தேவா, எனக்கு ஜப்பான் தெரியாதுடா.”

“இருபது வருஷமாச்சு, மறந்துருக்கும்லா.”

“அப்பவும் தெரியாது.”

கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான். நாதஸ்வரம் நின்று யாரோ மைக்கில் கார் எண்ணைச் சொல்லி நகர்த்தச் சொன்னார்கள்.

“அந்த மூணு வரி?”

“நானா சொன்னது.”

அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் பரவாயில்லை.

“இன்னும் ரெண்டு வாரந்தான மச்சான் இருந்துச்சு,” என்றான். “அவங்க வரலன்னா கேம் மேல கோவப்பட்டிருப்பேன். ஏன்டா உன் மேல கோவப்பட வைக்கிற?”

பிறகு சாப்பாட்டு வரிசையில் சேர்ந்தே நின்றோம். பெட்ரோல் விலை, பிள்ளைகளின் பள்ளி என்று சாதாரணமாகத்தான் பேசினான்.

படகு நாலு வந்துவிட்டது. நான் வாங்கினேன். துடுப்புச் சத்தம் மாறியிருக்கிறது, அதற்காக ரசிகர்கள் இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறார்கள், அதே மூச்சில் ஐந்தாவது எப்போது என்றும் கேட்கிறார்கள். அந்த மஞ்சள் வெளிச்சம் ஆளில்லாத ஒரு படகுத்துறையில் தொங்குகிற லாந்தர். எல்லாம் தெரிந்திருந்தும், இட்டுக்கட்டியவனே நான்தான் என்றிருந்தும், அங்கே படகை நிறுத்திவிட்டு ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். ஒருவரும் வரவில்லை.

தேவா எடுத்த லீவை ரத்து செய்துவிட்டு வேலைக்குப் போனானாம். இப்போது பண்டிகைக்கு வாழ்த்துப் படம் மட்டும் அனுப்புகிறான். நேற்று இணையத்தில் அவன் எழுதியவற்றைத் தேடினேன். ஒன்றுகூட இல்லை, அவனே அழித்துவிட்டான். ஈப்போ பதிப்பு எங்கே கிடைக்கும் என்று போலந்துக்காரன் மட்டும் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறான். பதில் சொல்ல ஆள் கிடையாது. எனக்குத் தெரிந்து இந்த உலகத்தில் அந்த அம்மாவை உயிரோடு வைத்திருந்தவன் தேவா ஒருவன்தான்.